பெட்டரி முடியுமுன் சொல்ல வேண்டிய கதை

ட்ரோன் ஓட்டும் கேம் செய்வது இரண்டு பேர் சேர்ந்து செய்யும் தொழில்: ஒருவர் அதை விழ வைக்க வேண்டும், மற்றவர் அது எதற்காகப் பறந்தது என்று சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் விழ வைப்பவர் என் மனைவி ஸப்ரினா. பௌதிகவியல் படித்தவள். காற்று, எடை, பெட்டரி, தாங்கிக்குள் தளும்பும் மருந்து எல்லாம் அவள் பொறுப்பு. கதை என் பொறுப்பு. வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோனை ஓட்டப் பழகுகிறவர்கள், அசல் ட்ரோனைத் தென்னையில் கொண்டுபோய் மோதுவதற்கு முன் எங்கள் திரையில் மோதிப் பழகட்டும் என்றுதான் இந்தக் கேமைச் செய்யத் தொடங்கினோம். வெறும் பயிற்சி என்றால் ஆட்களுக்கு அலுத்துவிடும். அதனால் ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு கதை. சாய்ந்தமருதில் ஸப்ரினாவின் வீட்டு முன்னறைதான் எங்கள் ஒஃபிஸ். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். ஆகவே நான் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து என்ன கிழிக்கிறேன் என்பதை மாமா, மாமி, வருகிறவர், போகிறவர் எல்லாரும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மாமியார் வீட்டிலிருந்து கொம்பியூட்டரில் பிழைக்கும் மருமகன்மாரே, இனி நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும். மற்றப் பாதி நடக்காதிருக்கட்டும் என்று துஆச் செய்கிறேன்.

மாமி கொடுத்த உத்தியோகம்

"மருமகன் என்ன தொழில்?" என்று யாராவது கேட்டால் மாமிக்குச் சொல்லத் தெரியவில்லை. கேம் செய்கிறார் என்று சொல்ல அவவுக்கு வெட்கம். "ட்ரோன் விடுறவர்" என்று சொல்லிவிட்டா. அந்த நேரம் நான் அசல் ட்ரோன் ஒன்றைக் கையால் தொட்டதுகூட இல்லை. மாவடிப்பள்ளியில் இருக்கும் மாமியின் சொந்தக்காரர் ஒருவர் இதை நம்பி, கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய சின்ன ட்ரோனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். அவருடைய எருமை காணாமல் போய்விட்டதாம். வயல் பக்கம் மேலேயிருந்து பார்த்துத் தர வேண்டுமாம்.

எனக்குத் தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் மாமி வாசலில் நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தா. மாவடிப்பள்ளிக்குப் போய், வரம்பில் நின்று, ரிமோட்டை வாங்கினேன். ட்ரோன் எழும்பியது. எங்கள் கேமில் கெமரா எப்போதும் ட்ரோனுக்குப் பின்னால் இருக்கும். இங்கே அது என் பக்கம் முகத்தைத் திருப்பியதும் இடது வலதாகிவிட்டது, வலது புளியமரமாகிவிட்டது. உச்சிக் கிளையில் அது செருகிக்கொண்டு நின்றது. சுற்றிவர வயலில் நின்றவர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். நான் மரத்தைப் பார்த்தபடி, என்னவோ யோசிக்கிறவனைப் போல நின்றேன். அந்த நேரம் அவருடைய போன் அடித்தது. கதைத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"மாடு தானா வீட்ட வந்திட்டாம் மருமகன். இப்ப ட்ரோனத் தேடுறத்துக்குத்தான் ஆள் வேணும்."

கதாநாயகன் பேசி முடிக்கவில்லை

சம்மாந்துறை லாபிர் ஹாஜியார் மருந்தடிக்கும் ட்ரோன் விற்கிறவர். வாங்குகிறவர்களுக்கு ஓட்டவும் பழக்கிக் கொடுக்கிறவர். எங்கள் கேமை அவருடைய பயிற்சி வகுப்புக்கு எடுப்பதா இல்லையா என்று பார்க்க வந்தார். நான் என் கதாநாயகன் ஹாரூனை அவருக்கு அறிமுகப்படுத்தினேன். ஹாரூன் நாவிதன்வெளிப் பக்கம் மௌத்தாகிப்போன வாப்பா விட்டுச்சென்ற காணிக்கு மேலே ட்ரோனை நிறுத்தி வைத்துக்கொண்டு, இந்த வெள்ளாமையை எப்படியாவது காப்பாற்றுவேன் என்று வாக்குக் கொடுப்பான். அந்தப் பேச்சை நான் எழுதி, நானே குரல் கொடுத்துப் பதிந்திருந்தேன். எழுதியதில் ஒரு சொல்லையும் வெட்ட மனம் வரவில்லை.

ஹாஜியார் ரிமோட்டைப் பிடித்திருந்தார். ஹாரூன் பேசத் தொடங்கினான். வாப்பா விதைத்ததைப் பேசினான், மழையைப் பேசினான், வாப்பா வேர்வை துடைத்த கைலேஞ்சியைப் பேசினான். தாங்கி நிறைய மருந்தோடு அந்தரத்தில் நிற்கும் ட்ரோனுக்கு எவ்வளவு பெட்டரி போகும் என்பதை ஸப்ரினா உள்ளபடி கணக்கிட்டு வைத்திருந்தாள். எனக்கு அது ஞாபகமே இல்லை. சிவப்பு வெளிச்சம் மின்னத் தொடங்கியது. மரியாதை தெரிந்த மனிதர், பேச்சின் நடுவே ட்ரோனை இறக்கக் கூடாதென்று ஹாஜியார் பொறுமையாக இருந்தார். "வாப்பா, உங்கட" என்று ஹாரூன் தொடங்கிய இடத்தில் ட்ரோன் மருந்தோடு தொபுக்கென்று வயலில் விழுந்தது. பேச்சு மட்டும் நிற்காமல் தொடர்ந்தது. ஹாஜியார் ரிமோட்டை மெல்ல மேசையில் வைத்தார்.

"தம்பி, ஒங்கட ஆள் மிச்சம் கூடக் கதைக்காரு. இப்புடித் தாங்கியோட விழுந்தா அந்த வெள்ளாமக்காரன் எனக்கிட்டத்தான் வருவான்."

தேத்தண்ணி

அதே நாள்தான். ஹாரூனை வாயை மூடச் செய்துவிட்டு, வெறும் பறப்பை ஓட்டிக் காட்டினேன். மருந்து அரைவாசி ஆனதும் தாங்கிக்குள் அது தளும்பத் தொடங்கும். வரம்பு முடிவில் ட்ரோனைத் திருப்பினால் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடும். ஹாஜியாரின் முகம் மாறியது. "அசலா ஆடுது! இத எப்புடித் தம்பி கணக்குப் பாத்தீங்க?" என்று கேட்டார். சரியாக அந்த நேரம் ஸப்ரினா தேத்தண்ணித் தட்டோடு வாசல் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தாள். கையை நீட்டி இவதான் என்று காட்டினால் போதும். நான், "கொஞ்சம் கஷ்டமான வேலதான் ஹாஜியார்" என்றேன். அவர் ஸப்ரினாவைப் பார்த்து, "மாஷா அல்லாஹ், மூளைசாலி மாப்பிள கெடச்சிரிக்காரு மகள். நல்லாக் கவனிச்சிக்கங்க" என்றார். அவள் "ஓம்" என்று சொல்லிக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்திவிட்டு உள்ளே போனாள்.

பிறகு அவர், வேகமாக வந்து நிறுத்தினால் ட்ரோனின் முன்பக்கம் ஏன் நிமிர்கிறது என்று கேட்டார். நான் ஒரு விளக்கம் சொன்னேன். அது என்ன விளக்கமென்று இப்போது ஞாபகமில்லை, ஞாபகப்படுத்திக்கொள்ள விருப்பமுமில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் கோப்பை கழுவும் சத்தம் அப்படியே நின்றது மட்டும் நினைவிருக்கிறது. ஹாஜியார் கேமை எடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். சந்தோசமான செய்தியோடு குசினிக்குப் போனேன். அவள் திரும்பாமல் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நான் கொஞ்சம் தப்பியிருப்பேன்.

"அடுத்த முற தேத்தண்ணிய நீங்க ஊத்துங்க. சீனி கூடினாலும் ட்ரோன் விழாது."

கொடியில் ஆடியது

கொஞ்சம் தேறியவர்களுக்காக ஊருக்குள் ஓட்டும் பறப்பு ஒன்று செய்தோம். ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று ஸப்ரினா கேட்டபோது, மெனக்கெடாமல் எங்கள் வீட்டு மேல்தட்டில் ஏறித் தெருவைப் படம் எடுத்துக் கொடுத்துவிட்டேன். கூரைகளும் தண்ணீர்த் தாங்கிகளும் அன்ரனாக்களும் அப்படியே வந்தன. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பழகுகிறவர்கள் கண்டுபிடிக்க வேண்டுமே, அதற்காகப் படத்தில் ஒரு கூரையில் இருந்த துணிக்கொடியை அப்படியே எடுத்து, துணி காற்றுக்கு ஆடும்படி செய்தாள் ஸப்ரினா. காற்று கூடினால் துணி படபடக்கும். எல்லாருக்கும் அது பிடித்துப்போயிற்று. முன்னறையில் பழக வந்தவர்கள் அந்தக் கூரையைத்தான் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

பக்கத்து வீட்டுச் சுபைதா மாமி கறிக்குப் போட றம்பை இலை கேட்டு வந்தா. திரையைப் பார்த்தவ அப்படியே நின்றா. கிட்ட வந்து பார்த்தா. நான் எழும்பி, "இது சும்மா கற்பனை ஊர் மாமி" என்று சொன்னேன். ஊதாப் பூப்போட்ட மெக்ஸி காற்றில் உப்பி, கையிரண்டையும் விரித்து, முழு வகுப்புக்கும் முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. அதே மெக்ஸி சுபைதா மாமியின் மேலும் இருந்தது. மாமி என் பக்கம் திரும்பவே இல்லை, ஸப்ரினாவிடம்தான் கதைத்தா.

"காத்து சரியாத்தான் அடிக்கிது மகள். ஆனா அது எண்ட மெக்ஸி."

காற்றைக் குறைத்தேன்

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய வெட்கம். இது அப்படியில்லை. கடல் பக்கம் ஒரு கதை வேண்டுமென்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். இஞ்சின் நின்றுபோன போட் ஒன்று கடலில் இழுபட்டுப் போகிறது. ஹாரூன் கரையில் நின்று ட்ரோனை அனுப்பி அதைக் கண்டுபிடித்து, ட்ரோனையும் பத்திரமாகத் திருப்பி எடுக்கிறான். ஸப்ரினா அதற்குக் கச்சானை வைத்தாள். கச்சான் எங்கள் பக்கம் நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று. போகும்போது ட்ரோனைத் தள்ளிக்கொண்டு போகும், திரும்பும்போது விடாது. ஒவ்வொரு முறையும் ஹாரூனின் ட்ரோன் கரைக்கு வராமலே கடலில் விழுந்தது. "கொஞ்சம் குறைக்க ஏலாதா?" என்று கேட்டேன். "கச்சான் ஒங்களுக்கிட்டக் கேட்டா அடிக்கிது?" என்றாள். அவள் டியூஷன் படிப்பிக்கப் போன பின்னேரம், அவளுடைய கணக்கைத் திறந்து, திரும்பி வரும் வழிக்குக் காற்றை இல்லாமலாக்கினேன். ட்ரோன் அழகாக வந்து மணலில் இறங்கியது. எனக்கே கண் கலங்கியது.

அன்வர் காக்கா எங்கள் தெருவின் கடற்கரை முனையில் இருப்பவர், எல்லாருக்கும் அண்ணன் முறை, போட் வைத்திருப்பவர். அவருடைய தம்பி ரிபாய் சில வருசத்துக்கு முன் கடலுக்குப் போய்த் திரும்பவேயில்லை. கதை எழுதும்போது என் மனதில் இருந்தது ரிபாயின் முகம்தான். அதை நான் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் போட் தேடும் கேம் ஒன்று வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு அன்வர் காக்கா அவராகவே வந்தார். ஸப்ரினா வீட்டில் இல்லை. மனிதர் மெதுமெதுவாக ரிமோட்டைப் பழகி, ட்ரோனைக் கடலுக்கு மேலே கொண்டுபோய், போட்டைக் கண்டுபிடித்தார். கண்டதும் திரைக்குக் கிட்டக் குனிந்தார். ட்ரோன் திரும்பி வந்தது, திரையில் வெற்றி என்று விழுந்தது, நான் கை தட்டினேன். அவர் எழும்பவில்லை. "ஒங்கட கேம்ல எல்லாம் உண்மக் கணக்கு எண்டு சொல்றாங்க. இந்தக் காத்தும் அப்புடித்தானா தம்பி?" என்று கேட்டார். என் கதை ஒருவரை இப்படிப் பிடித்துவிட்டதே என்ற மிதப்பில் இருந்த நான், "ஓம் காக்கா" என்றேன். அவர் ரிமோட்டை மடியில் வைத்தார்.

"ரிபாயத் தேடின அண்டைக்கு, கலியாண வீட்டுல படம் எடுக்கிற தம்பி ஒருத்தன், ட்ரோன அனுப்பிப் பாக்கட்டா காக்கா எண்டு கேட்டான். வெளாடாத, தள்ளி நில்லு எண்டு அவன வெரட்டினது நாந்தான்."

அவள் திறந்து பார்த்தாள்

அவர் போன பிறகு நான் சோற்றுக்கு முன்னால் சும்மா இருந்தேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்வோம், காற்றை முதலில் பழையபடி மாற்றிவிட்டுச் சொல்வோம், அவராக மறந்துவிடுவார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டே நாட்களைக் கடத்தினேன். ஒரு நாள் மாமி, "அன்வர் கடலுக்கும் போறல்லயாம், பள்ளிக்கும் வாறல்லயாம், என்ன வருத்தமோ தெரியா" என்று சொன்னா. கேமில் கச்சானுக்குள்ளால் போய் ட்ரோன் திரும்பி வந்ததென்று அவர் புலம்புவதாக மனைவி சொல்லி அழுததையும் சேர்த்துச் சொன்னா. ஸப்ரினா தலையை நிமிர்த்தினாள். "கச்சானுக்குள்ளால வராதே" என்றாள்.

எழும்பிப் போய் லெப்டொப்பைத் திறந்தாள். நான் அவளுக்குப் பின்னால், பாடம் செய்யாமல் வந்த மாணவனைப் போல நின்றேன். காற்று இல்லாமல் போயிருந்த இடத்தைக் கண்டாள். அதை உடனே திருத்தவில்லை. கதிரையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"நீங்க எழுதின கதையில நான் எண்டைக்காவது ஒரு எழுத்தத் தொட்டிரிக்கனா?"

அன்வர் காக்கா வீட்டில்

இருவரும் போனோம். லெப்டொப்பை ஸப்ரினா வைத்திருந்தாள். வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போன வசனம், அவர் வாசலில் நின்றதும் மறந்துபோயிற்று. "காக்கா, நீங்க பாத்த காத்து பொய். நாந்தான் மாத்தின" என்று மட்டும் சொன்னேன். அவர் ஸப்ரினாவுக்குக் கதிரையை இழுத்துப் போட்டார். அந்தத் தம்பி வைத்திருந்த ட்ரோன் எவ்வளவு பெரிது, காலையா பின்னேரமா, காற்று எப்படி அடித்தது, போட் எவ்வளவு தூரம் இழுபட்டிருக்கும் என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. அவள் அதையெல்லாம் போட்டுக் கொடுக்க, அவர் ஓட்டினார். ட்ரோன் போட் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. சின்ன ட்ரோன், தூரம் கூடியதும் சிக்னல் அறுந்து படம் புள்ளி புள்ளியாகி, திரை கறுத்துவிட்டது. மறுபடி ஓட்டினார். மறுபடியும் கறுத்தது. "காத்தக் கொஞ்சம் கொறச்சிப் பாருங்க மகள்" என்றார். எனக்கு மறுத்தவள் அவருக்கு மறுக்கவில்லை, குறைத்தாள். அப்போதும் போகவில்லை.

அவர் தோள் துவாயை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். "அப்ப அண்டைக்கு அவன அனுப்பச் சொல்லியிருந்தாலும்..." என்று தொடங்கினார். "அங்க போயே சேந்திரிக்காது காக்கா" என்றாள் ஸப்ரினா. அந்த மனிதர் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. அவ்வளவு நாளும் அதை அவர் நெஞ்சில் ஏற்றி வைத்திருந்தவன் நான். வெளிவாசல்வரை வந்து ஸப்ரினாவுக்கு துஆச் செய்து அனுப்பினார். பிறகுதான் என்னைப் பார்த்தார். சத்தம் போடவில்லை.

"தம்பி, கத எழுதுறது ஒங்கட தொழில், அதுல நான் குத்தம் சொல்லல்ல. ஆனா அண்டைக்கு நான் கேட்டத்துக்கு ஓம் எண்டு சொன்னீங்களே, அது கத இல்லயே."

நாவிதன்வெளியிலிருந்து ஒரு போன்

அந்தக் கடல் பறப்பை அழித்துவிடுவோம் என்றேன். இருக்கட்டும், ஆனால் அசல் காற்றோடு இருக்கட்டும் என்றாள் ஸப்ரினா. போட்டைக் கரைக்குக் கிட்டக் கொண்டுவந்தோம், ட்ரோனைப் பெரிதாக்கி அதில் ஒரு வெளிச்சமும் வைத்தோம். இப்போது ட்ரோன் போட்டைப் போய்ச் சேரும். திரும்பி வர மட்டும் முடியாது. நடுவழியில் பெட்டரியைப் பார்த்துத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம். இல்லையென்றால் போட்டுக்கு மேலேயே வெளிச்சத்தை மின்னவிட்டு நிற்கலாம், தேடிப் போகும் மற்றப் போட்காரர்கள் அதைக் கண்டு வருவார்கள், பெட்டரி முடிந்து ட்ரோன் கடலில் விழும். ஹாரூனுக்கு இந்த முறை நான் எழுதியது "கண்டுட்டன், இதுக்கு மேலதான் நிக்கிறன்" என்ற ஒரே வசனம். அதற்கு மேல் எழுத எனக்குத் துணிவில்லை.

ட்ரோனை இழந்தால் பெயில் என்பது ஸப்ரினாவின் சட்டம். மருந்தடிக்கப் பழகுகிறவர்களுக்கு அந்தச் சட்டம் வேண்டும்தான். ஹாஜியாரின் வகுப்பில் நாவிதன்வெளியைச் சேர்ந்த ஒரு பிள்ளை பழகிக்கொண்டிருந்தா. வயலில் ஒரு தரமும் ட்ரோனை இடித்தது கிடையாது, வகுப்பிலேயே கெட்டிக்காரி என்று ஹாஜியார் சொல்லுவார். ஒரு நாள் மத்தியானம் போன் எடுத்தா. கடல் பறப்பை அப்போதுதான் முடித்திருந்தாவாம்.  ஒரு கேள்வி கேட்டா. நழுவுவதற்காகப் போனை ஸப்ரினாவிடம் கொடுத்தேன். அவளுக்காக அந்தப் பிள்ளை மறுபடியும் முதலிலிருந்து கேட்டா. எதற்கும் கணக்கு வைத்திருக்கும் ஸப்ரினாவும் போனை ஸ்பீக்கரில் போட்டு என் பக்கமே திருப்பி நீட்டினாள்.

"போட்டுல இருந்தவங்க தப்பிட்டாங்க, ட்ரோன் கடலுக்குள்ள போயிட்டு. இப்ப நான் பாஸா, பெயிலா?"

திரையில் விழுகிற ட்ரோனுக்கு மறுபடி தொடங்க ஒரு பொத்தான் வைத்திருக்கிறோம், அதை விழவிட்டுவிட்டு முன்னறைக் கதிரையில் முழித்துக்கொண்டிருக்கும் கதாசிரியனுக்கு அப்படியொன்றை இன்னும் யாரும் செய்து தரவில்லை.